ரோசம்மா போட்ட கையெழுத்து

1

அப்பாவுக்கு இரண்டாம் வருஷப் பூசை முடிந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஒரு டிரங்க் கால் போட்டுப் பேசினேன். அன்றிலிருந்து எனக்கு எந்த நாற்காலியும் ஒத்துவரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மாஸ் ஆற்றங்கரை வரை போய், கப்பல்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்துவிடுகிறேன். எழுதினாலாவது ஆறுமா பார்ப்போம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் சூசை. தூத்துக்குடிக்காரன். கப்பலில் எண்ணெய் போடுகிறவனாக ஏறி, இந்த ராட்டர்டாமில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டராக இறங்கிவிட்டவன். பள்ளிக்கூடப் படிப்பு அரைகுறை. மற்றதெல்லாம் நாலு பேர் பேசக் கேட்டுப் படித்ததுதான். வக்கீலுக்குப் படித்தவனில்லை. ஆனாலும் நான் சொல்லப்போவது உயில் விஷயம். வீடோ வயலோ தோணியோ வைத்திருக்கிறவர்கள், ஒன்றும் இல்லாவிட்டாலும் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள், கொஞ்சம் பக்கத்தில் வந்து கேளுங்கள்.

2

இந்தச் சொல் என் காதில் முதலில் விழுந்தது ஒரு காபிக் கோப்பைக்கு முன்னால். சின்னதாக ஒரு வீடு வாங்கினோம். இந்த நாட்டில் அதற்குப் பத்திரம் எழுத 'நொட்டாரிஸ்' என்று ஒருவரிடம் போகவேண்டும். வெள்ளை மீசை, நல்ல மனிதர். காபி கொடுத்தார். கூடவே ஒரு பிஸ்கட், ஒன்றே ஒன்று. டப்பாவை உடனே மூடிவிட்டார். நான், என் மனைவி பிலோமினா, எங்களுக்குப் பேச்சு மாற்றிச் சொல்ல மகள் அமலி. அமலி மேல்பள்ளியில் படிக்கிறாள். டச்சு அவளுக்குத் தண்ணீர் மாதிரி. தமிழ்தான் தொண்டையில் நிற்கும்.

பத்திரம் முடிந்ததும் அவர், "உங்களிடம் டெஸ்டமென்ட் இருக்கிறதா?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டு, "பழையதும் இருக்கு, புதியதும் இருக்கு, ராத்திரி ஜெபத்துக்குப் பிறகு வாசிக்கிறோம்" என்றேன்.

மேசைக்கு அடியில் அமலி என் காலை மிதித்தாள். "டாடி, அது பைபிள் இல்ல. நீங்களும் மம்மியும் செத்துப் போனா யாருக்கு என்னன்னு எழுதுற பேப்பர்."

'செத்துப் போனா' என்பதை அவள் 'மழை பெஞ்சா' என்பது போலச் சொன்னாள். எங்கள் வீட்டில் அம்மா இருந்து இதைக் கேட்டிருந்தால் தீர்த்தம் எடுத்துத் தெளித்திருப்பாள். எங்கள் தெருவில் உயில் என்ற சொல்லையே யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். எதிர்வீட்டு ராயப்பு மாமா சொல்வார்: "உயிலு எழுதுறவன் அப்படியே போற வழியில பெட்டிக்கும் அளவு குடுத்துட்டுப் போயிரலாம்லா, ஒரு நடை மிச்சம்." எல்லோரும் சிரிப்பார்கள். ஒருவரும் எழுதமாட்டார்கள்.

நொட்டாரிஸ் விடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே விபத்தில் போய்விட்டால் பிள்ளையை யார் வளர்ப்பது? எங்களுக்கு ஒரே பெயர்தான் நினைவுக்கு வந்தது: என் தங்கை ரோசம்மா. அவள் டிராம் வண்டியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அடுத்து, வேறு நாட்டில் சொத்து உண்டா என்று கேட்டார்.

"தூத்துக்குடியில ஒரு வீடு. அதுல மூணுல ஒரு பங்கு" என்றேன். எனக்கு என்று யாரும் கொடுக்காத பங்கு அது.

3

அப்பா அருளப்பன் தோணிக்காரர். கொழும்புக்குப் போய்வரும் தோணி ஒன்றில் பாதி அவருடையது. அதற்கு முன்னால், இளவட்டமாக இருந்தபோது, சலாபம் குளித்தவர். சலாபம் என்றால் முத்துச் சிப்பி எடுப்பு. கடலுக்கு அடியில் போய் வாரிக்கொண்டு வந்த சிப்பிகளைக் கரையில் கொட்டி, குளித்தவனே மூன்று கூறாக வைப்பான். சர்க்கார் ஆள் வந்து தனக்குப் பிடித்த இரண்டு கூறை எடுத்துக்கொண்டு ஒன்றை விட்டுப் போவார். தனக்கு எது மிஞ்சும் என்று தெரியாததால் வைக்கிறவன் மூன்றையும் ஒரே மாதிரி வைப்பான்.

அப்பா அந்தப் பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார். பொரித்த சீலா மீனானாலும் பலாப்பழமானாலும், பெரியண்ணன் அந்தோணி கூறு வைத்தால் நானும் ரோசம்மாவும் முதலில் எடுக்கவேண்டும். கடைசியில் மிஞ்சுவது அண்ணனுக்கு. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவர் மீன் துண்டங்களை அளந்து வைப்பதைப் பார்க்கவேண்டும், வைரம் நிறுக்கிறவன் தோற்றுப்போவான்.

அண்ணன் பம்பாயில் குடியேறினார். நான் கப்பலேறினேன். அம்மா போனபிறகு ரோசம்மா கல்யாணப் பேச்சை எல்லாம் தள்ளிவிட்டு அப்பாவோடு இருந்தாள். தெருப்பக்கத்து முன் அறையில், சன்னலை ஒட்டித் தையல் மெஷின். பாதி ஊர்ப் பெண்களின் ஜாக்கெட் அந்தச் சன்னல் வெளிச்சத்தில்தான் தைத்தது.

அப்பாவுக்கு ஒரு பக்கம் கை இழுத்துக்கொண்டபோது உயில் எழுதினார்கள். எழுதிக்கொடுத்தது அவருடைய சிநேகிதர், ஸ்ரீவைகுண்டத்துச் சுடலைமுத்து அண்ணாச்சி. நெல் விவசாயி. அறுவடை தவறாமல் பஸ் மேலே ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்குகிறவர். அன்று நடந்ததை ரோசம்மா எனக்குச் சொன்னபடியே தருகிறேன்.

தோணிப் பங்கு பெரியவனுக்கு என்றாராம் அப்பா. அம்மாவின் சங்கிலி சின்னவனுக்கு. "அவன் கடல் தாண்டிட்டான், அவனுக்குக் கடலே கெடக்கு." வீடு ரோசம்மாவுக்கு. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணாச்சி ஒன்று. இன்னொன்று?

அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்: "எங்கய்யா உயிலு எழுதும்போது நானும் எந்தம்பியும்தான்யா சாட்சி. வயலும் எங்களுக்குத்தான். இன்னைக்கு வரைக்கும் ஒரு பய ஏன்னு கேக்கல."

"அப்ப நம்ம ரோசம்மாவே போடட்டும்" என்றாராம் அப்பா. "ஒளிச்சு மறைச்சு எழுதி வாங்கிட்டான்னு நாளைக்கு அவ அண்ணன்மாரு சொல்லிறக் கூடாது. எல்லாம் கரையில வச்சுக் கூறு போட்டது மாதிரி இருக்கணும்."

"எனக்குத் தாரீய, நானே சாட்சி போடவா? நல்லாவா இருக்கும்?"

"போடு ளா. எழுத்து முத்து முத்தா இருக்குன்னு கன்னியாஸ்திரி மெச்சுனாவல்லா? எங்க, பாப்போம்."

ரோசம்மா முழுப் பெயரையும் அழகாக எழுதினாள்.

4

எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் எழுதும் உயிலை, எழுதினவர் இறந்தபிறகு கோர்ட்டில் கொடுத்து மெய்ப்பிக்க வேண்டும். அதற்காக ரோசம்மா பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் போனாள். அவர் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாராம்.

"ஏம்மா, வீடு எழுதியிருக்கிற இந்த ரோசம்மா யாரு?"

"நாந்தான் சார்."

"கீழ சாட்சி போட்ட ரோசம்மா?"

"அதும் நாந்தான்."

"இதுல நீங்க கையெழுத்துப் போடாம இருந்திருந்தா வீடு ஒங்களுக்கும்மா. போட்டதுனால இல்ல."

விஷயம் இதுதான். கிறிஸ்தவர் உயிலில் சாட்சி போடுகிறவருக்கோ, அவருடைய கணவன் மனைவிக்கோ எதை எழுதிவைத்தாலும் அது செல்லாது. சாட்சி செல்லும், கொடுத்தது செல்லாது. இந்துக்களுக்கு அந்தக் கட்டு இல்லை. அதனால் அண்ணாச்சியின் வயல் வில்லங்கம் இல்லாமல் அவர் கைக்கு வந்தது. தோணியும் சங்கிலியும் எழுதியபடி போயின. வீடு மட்டும் உயிலே எழுதாதது போல ஆகி, மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்தது.

அண்ணாச்சி அடுத்த பஸ்ஸில் வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாராம். "ஏம்மா, ஒரே ஆத்துத் தண்ணியக் குடிக்கோம். எங்க வயலுக்கு ஒரு சட்டம், ஒங்க வீட்டுக்கு ஒரு சட்டமா? நாங்கெட்டேன், உன்னையும் கெடுத்துட்டேனே." ரோசம்மாதான் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பினாள்.

முதல் வருஷப் பூசைக்குப் பெரியண்ணன் பம்பாயிலிருந்து வந்தார். முன் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். புதுத் துறைமுகம் வந்ததிலிருந்து தெருப்பக்கத்து அறை எது இருந்தாலும் கப்பல் சரக்கு விடுவிக்கிற ஏஜண்டுகள் ஆபீஸ் வைக்கக் கேட்கிறார்கள்.

"என் பங்குக்கு அந்த அறையக் குடுத்திரு ளா. வாடகைக்கு விட்டுக்கிடுதேன்."

"சட்டம் குடுத்துச்சு சரி. அப்பா குடுத்தாவளாண்ணே?"

"அப்பா எனக்குத் தோணியும்தான் குடுத்தாவ. அது ஓடுதா? கரையில ஏறிக் கெடந்து ஆடு படுக்கு. எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைய. பம்பாயில ஒரே ரூமுல கால நீட்டுனா அடுப்புல இடிக்கி. நான் என்ன செய்யட்டும், சொல்லு."

அண்ணன் பொய் சொல்கிறவரில்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

5

இப்போது என் பங்கு. நான் எழுதிக்கொடுத்தால் அண்ணன் முன் அறையை எடுத்தாலும் மற்றது முழுக்க ரோசம்மாவுக்கு. எழுதாவிட்டால் அவள் தலைக்கு மேல் எப்போதும் என் பெயர் தொங்கிக்கொண்டிருக்கும். நான் போனபிறகு அமலி பெயர். பிறகு அவள் கட்டிக்கொள்ளப்போகும் யாரோ ஒரு டச்சுக்காரனின் பெயர்கூட.

இவ்வளவு தெரிந்தும் கை வரவில்லை. பட்டறைக்குப் போகும்போது, சாயங்காலம் வந்து எழுதிவிடலாம் என்று இருக்கும். வீட்டில் சைக்கிளைச் சாத்தும்போது வேண்டாம் என்று இருக்கும். பிலோமினா கேட்டாள்: "நாளைக்குத் திரும்பிப் போனா எங்கன போயி எறங்குறது? லாட்ஜுலயா?"

வெளிநாட்டில் இருக்கிற எல்லோரும் இன்னும் ரெண்டு வருஷம், இன்னும் ரெண்டு வருஷம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். திரும்பப் போகிற எண்ணம் உண்டோ இல்லையோ, இறங்க ஒரு வாசற்படி வேண்டும். அந்த மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால் நான் இந்தக் குளிருக்கே சொந்தமானவன் ஆகிவிடுவேன் என்று பயம்.

ஒரு நாள் சாப்பிடும்போது அமலி, "இதுல என்ன பிராப்ளம்?" என்றாள். "அத்தை அங்க இருக்காங்க. நீங்க இங்க இருக்கீங்க."

"ஒனக்கு அந்த வீடு வேண்டாமாம்மா?"

"எந்த வீடு? கொசு கடிச்சுதே, அந்த வீடா?"

யாருக்காக நான் அந்தப் பங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேனோ அவளுக்கு அந்த வீட்டில் தெரிந்தவர் ஒரு கொசு மட்டும். பிலோமினா தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நான் வேண்டாம்னு சொல்லல. எங்கன எறங்குறதுன்னுதான் கேட்டேன். ரோசம்மாகிட்டதான் எறங்கணும்னா, எறங்க விட அவளுக்கு ஒரு வீடு இருக்கணும்லா?"

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஹேக் நகரத்துக்கு, நம் தூதரகத்துக்கு, ரயிலேறினேன். என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை ஊரில் பதிவு செய்ய ஒரு ஆள் வேண்டும். அதற்கு அண்ணாச்சி பெயரில் பவர் பத்திரம். கையெழுத்து என்னுடையதுதான் என்று அதிகாரி முன்னால் போட்டுக் காட்டவேண்டும். பாஸ்போர்ட்டில் நான் சூசை. ஞானஸ்நானச் சீட்டில் ஜோசப். "இதில் நீங்கள் யார்?" என்றார் அங்கிருந்த குமாஸ்தா, வடக்கத்திக்காரர். இரண்டும் ஒரே ஆள்தான், எங்கள் ஊரில் ஜோசப்பைச் சூசை என்போம் என்றேன். அவருக்கு அது புரிந்து, அதையும் ஒரு தாளில் சத்தியம் செய்து எழுதி முடிப்பதற்குள், நான் யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

6

இந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

உயிலைக் கை நன்றாக இருக்கும்போதே எழுதுங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் எழுதுகிற உயிலில் அவசரம் இருக்கும், அவசரத்தில் பிரியம்தான் பேசும், சட்டம் பேசாது. சாட்சிக்கு, உங்கள் சொத்தில் ஒரு துரும்பும் கிடைக்காத இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். அவர்கள் மனைவிமாருக்கும் எதுவும் கிடைக்கக் கூடாது. நம்பிக்கையானவர் என்று மருமகனைக் கூப்பிட்டால் மகளுக்குக் கொடுத்தது போய்விடும். உயில் எழுதியபிறகு நம்மவர்களில் ஒருவர் கல்யாணம் செய்தால், இரண்டாம் கல்யாணமானாலும், பழைய உயில் அன்றோடு சரி. மறுபடி எழுதவேண்டும். சீதனம் கொடுத்து அனுப்பிய மகளுக்குப் பங்கு இல்லை என்று நம் தெருவில் நினைக்கிறார்கள். எழுதாமல் போனால் அவளுக்கும் சமபங்கு உண்டு. எழுதாத பொருளுக்கு அதே கதிதான். ஆகவே 'இதில் சொல்லாமல் விட்டதெல்லாம் இன்னாருக்கு' என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். அப்பா அந்த வரியை எழுதி, அதில் ரோசம்மா அல்லாத ஒருவர் பெயரைப் போட்டிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். நல்லதாகவா கெட்டதாகவா, தெரியாது.

எழுதியதை நடத்திவைக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். வீட்டுப் பத்திரம், வில்லங்கச் சான்று, தீர்வை ரசீது எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, சாவி எங்கே என்று இரண்டு பேரிடமாவது சொல்லுங்கள். உயிலைப் பதிவு செய்யவேண்டும் என்று கட்டாயமில்லை, செய்தால் நல்லது. என்னைப் போல இரண்டு நாட்டில் கால் வைத்தவர்கள் இரண்டு இடத்திலும் கேட்டு எழுதவேண்டும். முக்கியமாக, சிநேகிதர் வீட்டில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்துச் செய்யாதீர்கள். அவருக்கு உள்ள சட்டம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். அரைமணி நேரம் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்தால் போதும், பாசத்தால் கெடுகிற காரியம் கெடாமல் இருக்கும்.

7

ஞாயிற்றுக்கிழமை போட்ட காலுக்கு வருகிறேன். எங்கள் தெருவில் போன் இருப்பது மளிகைக் கடையில். காலையில் பதிவு செய்தது, இங்கே பூசை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் கிடைத்தது. முதலில் கடைக்கார அண்ணாச்சியின் சத்தம்: "ஏலே, ரேடியோவக் கொறைங்கலே, ஹாலந்து காலு! ரோசம்மா, ஓடியா தாயி!"

"சின்னண்ணே! சாப்டியா? அங்கன குளுருதா?"

"குளிரு கெடக்கட்டும். அண்ணன் ரூமுக்குக் குறுக்கச் சுவரு எழுப்பியாச்சா?"

"எழுப்பியாச்சு, பூசியாச்சு, முன் ரூமுல ஆபீசும் வந்தாச்சு. மெஷினக் குசினியில போட்டுத் தைக்கேன். ஜாக்கெட்டெல்லாம் மீங்கொழம்பு வாசம் அடிக்குங்காளுவ. அதுக்குத் தனியா ரேட்டுப் போடல நான்."

கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். சன்னல் இல்லாத அந்தக் குசினியில் அவள் ஊசியில் நூல் கோப்பது எப்படி என்று கேட்கவில்லை.

"அண்ணே, நானும் உயிலு எழுதிட்டேன்."

"என்ன ளா! ஒடம்புக்கு என்ன?" என்று அலறிவிட்டேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான்.

"வாயக் கழுவு. ஒடம்பு கல்லு மாதிரி இருக்கு. பாளையங்கோட்டை வக்கீலு எழுதுனாரு, எல்லாம் வெவரமா."

"யாருக்கு எழுதியிருக்க?"

"அத எப்படிச் சொல்லுவேன்? கடை முழுக்கச் சனம் காதத் தீட்டிக்கிட்டு நிக்கி."

"எனக்குத்தான் எழுதியிருக்கா!" என்று கடைக்காரர் குரல் குறுக்கே வந்தது.

"ஒமக்கா? நீரு சாட்சி போட்ட ஆளு அண்ணாச்சி. ஒமக்கு ஒரு டீ கூடக் கெடையாது." திரும்பவும் சிரிப்பு. "அண்ணே, இவியளும் தபால்காரரும்தான் சாட்சி. கையெழுத்துப் போட்டு முடிக்க வரைக்கும் ரெண்டு பேருக்கும் பச்சத்தண்ணி கண்ணுல காட்டல."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். அத்தனை தூரத்துக் கம்பியில் தாழ்த்தின குரல் கடலுக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது.

"இந்தத் தடவை பூசைக்கு வந்த பெரியண்ணன் அன்னைக்குப் பக்கத்துலதான் நின்னாவ. வெளி ஆளு எதுக்கு, நான் போடுதேன் சாட்சின்னு பேனாவ எடுத்துட்டாவ. நான் புடுங்கிட்டேன். நீங்க போடக் கூடாதுண்ணே, வெளிய போங்கன்னு சொல்லிட்டேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அண்ணே, கேக்குதா? நீ இங்கன இருந்திருந்தாலும் ஒன்னையும் போட விட்டிருக்க மாட்டேன்."

"கேக்குதும்மா. அண்ணனுக்குப் புரிஞ்சுதா?"

"தெரியல. மொகம் சுண்டிப் போச்சு. வெளிய போயி அந்தச் சுவரத் தடவிக்கிட்டே நின்னாவ..."

நேரம் முடிந்து லைன் அறுந்தது. போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"என்ன சொல்லுதா?" என்றாள் பிலோமினா.

"அண்ணனும் நானும் அவ உயிலுக்குச் சாட்சி போடக் கூடாதாம்."

"முன் ரூம எடுத்துக்கிட்டவருக்குமா எழுதியிருக்கா?" என்றாள்.

"அவருக்கும்தான்."

அப்போது எழுந்து நின்றவன்தான். பம்பாய்க்கு ஒரு கால் போட வேண்டும். பேனாவை ஏன் பிடுங்கினாள் என்று அண்ணனுக்குத் தெரியாமல் இருந்தால், அவமானப்படுத்திவிட்டாள் என்றே இந்நேரம் நினைத்துக்கொண்டிருப்பார். சொல்லலாம். சொன்னால் அந்த மனிதர் அதை எப்படித் தாங்குவார்? டெலிபோன் வரை போகிறேன், திரும்புகிறேன். பிலோமினா, ரோசம்மாவின் தையல் மெஷினுக்கு ஒரு விளக்கு வாங்கிப் பொட்டலம் கட்டிவிட்டாள். நான் இன்னும் டெலிபோனுக்கும் சன்னலுக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிறேன்.